அவுக கால்முடி போன கதை

இருங்கக்கா, இந்த ஏழாம் நம்பரைப் பிரிச்சு எடுத்துட்டுப் பேசுதேன். கத்திரி வச்சா பனியன்ல ஓட்டை விழுந்துரும், பல்லால நூலைக் கடிச்சு இழுத்தாத்தான் எனக்கு வரும். உங்க வீட்டு கொம்பையா அண்ணாச்சிக்குப் பதினொண்ணுதானே? நல்லவேளை. ரெண்டு நேர்கோடு. எட்டுன்னு குடுத்தா வளைவுல ஊசி ஏறாம எனக்கு அழுகையே வந்துரும். டீம் பூரா பனியனுக்கும் நாந்தான் நம்பர் தைக்கேன், அண்ணாச்சி புதுசா சேந்ததுல இருந்து இது நாலாவது பனியன்.

நீங்க கேட்டது காதுல விழுந்துச்சுக்கா. மிஷினைத்தானே கேட்டீக? கால்முடி போக்குற அந்த லைட்டு மிஷினை. தாரேன்னும் நான் சொல்லல, தரமாட்டேன்னும் சொல்லல. நான் யார்கிட்டயும் வாயைத் தொறந்து பேச மாட்டேன், தெரு முழுக்கத் தெரியும். ஆறாவதோட நின்னவ. நாலு பேர் இருக்குற இடத்துல சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு நிப்பேன். ஆனா அந்த மிஷின் எப்படி வந்துச்சு, என்னெல்லாம் பண்ணுச்சுன்னு தெரியாம நீங்க கொண்டுபோனா அண்ணாச்சி கால் வெந்துரும். அதுக்காகச் சொல்லுதேன். இல்லன்னா நான் எதுக்குப் பேசப்போறேன்?

எங்க வீட்டு அவுக கால் எப்படி இருந்துச்சுன்னு நீங்க பாத்திருக்க மாட்டீக. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நான் தலை நிமிரவே இல்ல, காபி டம்ளரைக் குடுக்கும்போது குனிஞ்சபடி பாத்தது ரெண்டு கணுக்காலைத்தான். வேட்டி ஓரத்துல ரெண்டு கரடிக்குட்டி எட்டிப் பாக்குற மாதிரி இருந்துச்சு. எங்க அம்மா கேட்டாக, "மாப்பிள்ளை எப்படிட்டி இருக்காரு?" "அடர்த்தியா இருக்காக"ன்னு சொல்லிட்டேன். வேற எதையும் நான் பாக்கலயே! எங்க அம்மா குழம்பிப் போயிட்டாக.

அப்ப அந்த முடியால ஒரு தொந்தரவும் இல்ல. அது வந்தது போன பொங்கலுக்கு. மேலக்கரையில கபடி. கடைசி ரெண்டு நிமிசம், நம்ம டீம் ஒரு பாயிண்ட் பின்னால. அவுகதான் பாடிப் போறாக. "கபடி கபடி கபடி"ன்னு மூச்சு விடாம போயி, ரெண்டு பேரைத் தொட்டுட்டுத் திரும்பிட்டாக. நடுக்கோடு கைக்கெட்டுற தூரம். அப்ப மேலக்கரைக்காரன் ஒருத்தன், சப்பாணிமுத்துன்னு பேரு, சும்மா குனிஞ்சு கெண்டைக்காலைப் பிடிச்சான். பிடிச்சதோட விட்டானா? கை நிறைய முடியை அள்ளி, களை பிடுங்குற மாதிரி ஒரு இழுவை. நடுவருக்கு எப்படித் தெரியும்? பிடிச்ச மாதிரிதான் தெரியும். அவுக "கபடி கபடி கப"ன்னு சொல்லிட்டு, "யம்மா!"ன்னுட்டாக.

அவ்வளவுதான். பாட்டு நின்னா அவுட்டுதானே?

மைக்குல இருந்தவன் சும்மா இருந்திருக்கலாம்லா? "வீரர் தன் தாயாரை அழைக்கிறார், தாயார் எங்கிருந்தாலும் மைதானத்துக்கு வரவும்"ங்கான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கி. எங்க அத்தை நெசமாவே எந்திரிச்சு, "ஐயோ எம்புள்ளைக்கு என்ன ஆச்சு"ன்னு உள்ள ஓடிட்டாக. அதுல இருந்து அவுகளுக்கு ஊருக்குள்ள "யம்மா"ன்னு பேராயிட்டு. டீக்கடையில நின்னா, "ஏல, யம்மாவுக்கு ஒரு டீ போடு." பஸ்ல ஏறினா, "யம்மா உள்ள போங்க, படியில நிக்காதீக." அவுக சிரிச்சுக்கிட்டே வருவாக. வீட்டுக்கு வந்து சோத்தை அளைஞ்சுக்கிட்டே இருப்பாக. என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாக. சொல்லுற பழக்கமே கிடையாது. கல்யாணமாகி மூணு வருசத்துல அவுக என்கிட்டப் பேசினதை எண்ணிச் சொல்லிருவேன்: "சோறு", "தண்ணி", "கிளம்புதேன்", "கதவைச் சாத்திக்கோ". பிள்ளை பிறந்தன்னைக்கு மட்டும் "நல்லாருக்கியா"ன்னாக. நானும் தலையாட்டுனேன். கோவம்லாம் இல்லக்கா, அவுகளுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். ரெண்டு கூச்சம் ஒரு வீட்டுக்குள்ள இருந்தா வீடு எப்படி இருக்கும்? ஃபேன் சத்தம்தான் கேக்கும்.

முதல்ல பிளேடு போட்டுப் பாத்தாக. ரெண்டாம் நாளே முள்ளு முள்ளா மொளைச்சுட்டு. தேங்கா துருவி இருக்குல்லா, அப்படி. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீக. காலெல்லாம் சிவப்பு சிவப்பா பொரிஞ்சு, வேர்வை பட்டா எரியுதுன்னு கிரவுண்டுல துள்ளிக்கிட்டு நின்னாகளாம்.

அந்த நேரத்துலதான் தங்கபுஷ்பம் மைனி துபாயில இருந்து வந்தாக. அவுகளுக்கு நேர் அக்கா. மைனிக்கு மேலுதட்டுல கொஞ்சம் மீசை உண்டு, நான் சொன்னேன்னு சொல்லிராதீக. அதுக்கு வாங்கின மிஷினாம். வாரம் ஒருக்கா, மாசக்கணக்குல பொறுமையாப் போடணும்னு எழுதியிருக்கு. மைனிக்குப் பொறுமை ஏது? ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டு, "முப்பிடாதி, நீ வச்சுக்கோட்டி"ன்னு என் கையில திணிச்சுட்டு விமானம் ஏறிட்டாக. நான் பீரோவுல சேலைக்கு அடியில வச்சேன். அவுக அதை எடுத்துப் பாத்துருக்காக. எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் பின்னால துணி அலசிக்கிட்டு இருக்கேன். அத்தை அடுப்படியில இருந்து சத்தம் போடுதாக: "ஏளா, ஆட்டுக்கால் வாங்கிட்டு வந்தானா?" "தெரியலயே அத்தை." "தெரியலயாம்! வீடு பூரா வாட்டுற வாசம் வருது, மூக்கு இல்லையா உனக்கு?" எனக்கும் வந்துச்சுக்கா. ஆட்டுக்காலைத் தீயில காட்டி முடியைப் பொசுக்குவோம்லா, அச்சு அசல் அதே வாசம். அத்தைக்கு ஆட்டுக்கால் சூப்புன்னா உசுரு. அம்மியில நல்லமிளகு, சீரகம், பூண்டு எல்லாம் வச்சு நச்சி, அரைச்சு உருட்டி வச்சுட்டாக. "போயி காலை வாங்கிட்டு வாட்டி, நான் கழுவுதேன்."

நான் ரூமுக் கதவைத் தள்ளுனேன். அவுக கட்டில்ல உக்காந்து ஒரு காலைத் தூக்கி ஜன்னல்ல வச்சுக்கிட்டு, கையில மிஷினு, கண்ணுல தண்ணி. ரூமெல்லாம் புகை. முடியை மழிக்காமலே லைட்டை அடிச்சிருக்காக! மேல நிக்குற முடியெல்லாம் பொசுங்கிட்டு. "கால் எங்கட்டி?"ன்னு அத்தை வெளிய இருந்து கேக்காக. அவுக என்னைப் பாத்து, "சொல்லிராத"ன்னு கை எடுத்துக் கும்பிடுதாக. என்னைய! நான் என்ன செய்யட்டும்? எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு, "காலு... காலு இன்னும் வரல அத்தை, பக்கத்து வீட்டு வாசம்"ன்னேன். அத்தை அன்னைக்கு முழுக்கப் பக்கத்து வீட்டைத் திட்டிக்கிட்டே அந்த மசாலாவை ரசத்துல கரைச்சு ஊத்துனாக. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம குடிச்சோம். பாத்திருந்தா மூக்கு வழியா வந்திருக்கும்.

அன்னைக்குச் சாயங்காலம் மிஷின் டப்பாவுல இருந்த புஸ்தகத்தை நான் எடுத்துப் பாத்தேன். பூரா இங்கிலீசு. ஆனா படம் இருக்குல்லா? படம் எனக்கும் புரியும். முதல் படத்துல முடியை மழிக்காக. ரெண்டாவது படத்துல கண்ணுக்கு மேல கோடு, லைட்டைப் பாக்கக் கூடாதுன்னு. இன்னொரு பக்கத்துல வரிசையா கட்டம், வெள்ளையில ஆரம்பிச்சு கோதுமை நெறம், புளி நெறம், கடைசியில நல்ல கறுப்பு. கடைசிக் கட்டத்து மேல பெருக்கல் குறி. நான் புஸ்தகத்தை அவுக கால்கிட்டக் கொண்டுபோயி வச்சுப் பாத்தேன். தொடை, கால்சட்டைக்குள்ள இருக்குற இடம், மூணாவது கட்டம். முட்டுக்குக் கீழ வெயில்ல வெந்து வெந்து கடைசிக் கட்டம். மிஷினைத் தொடையில வச்சா பச்சை லைட்டு. கெண்டைக்கால்ல வச்சா சிவப்பு மினுக்கி, அடிக்கவே மாட்டேங்கு. அவுக முதல்ல எரிச்சதுகூட முட்டுக்கு மேலதான்.

"சப்பாணிமுத்து தொடையையா பிடிக்கான்?"னு கேட்டுட்டு அவுக தலையில கை வச்சு உக்காந்துட்டாக.

நாந்தான் சொன்னேன். நானேதான் சொன்னேன்க்கா, எனக்கே ஆச்சரியம்: "காலை வெயில்ல காட்டாம வச்சா நெறம் வரும்."

"கபடியை வீட்டுக்குள்ளயா வெளாடச் சொல்லுத?"

"என் லெகின்ஸைப் போட்டுக்கோங்க."

பச்சை நெறம் ஒண்ணு, மாம்பழ மஞ்சள் ஒண்ணு. வேற எனக்குக் கிடையாது. அஞ்சு வாரம், அக்கா! அஞ்சு வாரம் அவுக அதைப் போட்டுக்கிட்டு மேல கால்சட்டையை மாட்டிக்கிட்டு கிரவுண்டுக்குப் போனாக. "ஏல, யம்மா இப்ப பொம்பளை டீமுக்குப் போறான்"னு ஒருத்தன். "மாம்பழம் வருதுல, பழுத்துட்டு"ன்னு இன்னொருத்தன். கோச் கேட்டாராம், என்னப்பா இது? அவுக சொன்னாகளாம், "தசைக்கு நல்லது சார்." மறுவாரம் ரெண்டு பயலுக தங்கச்சி லெகின்ஸைப் போட்டுக்கிட்டு வந்து நின்னானுகளாம்! தசைக்கு நல்லதுன்னு!

ஆறாவது வாரம் கெண்டைக்கால்ல வச்சேன். பச்சை. நான் கத்தின கத்துல தொட்டில்ல கிடந்த எங்க பிள்ளை சஷ்விகா முழிச்சுட்டா.

அதுல இருந்து சனிக்கிழமை மூணு மணி. அன்னைக்குத்தான் அத்தை மகளிர் குழுவுக்குப் போவாக, திரும்ப அஞ்சு மணி ஆகும். அவுக காலையிலயே மழிச்சு வச்சிருவாக. குப்புறப் படுத்துத் தலகாணியில தாடையை வச்சுக்குவாக, கண்ணை மூடிக்குவாக. நான் கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டு, கணுக்கால்ல ஆரம்பிச்சு ஒரு விரக்கடை ஒரு விரக்கடையா மேல ஏறுவேன். எல்லாத்துக்கும் கீழ உள்ள அளவுலதான் வப்பேன், கூட்டவே மாட்டேன். டப்பு, டப்புன்னு வெளிச்சம். ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி சுரீர்ங்குமாம். முதல் வாரம் ஒவ்வொரு டப்புக்கும் "யம்மா"ன்னாக. நான் சிரிச்சேன். அவுகளும் சிரிச்சாக. அப்புறம் வலி தெரியாம இருக்கணும்லா, பேச ஆரம்பிச்சாக.

என்ன பேச்சுங்கீக! முகம் பாக்காம படுத்திருக்காகல்லா, வாய் தானா வருது போல. நானும் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கேன். பிள்ளை பிறந்தன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க முடியாம கிரவுண்டுக்கு ஓடிப்போயி, யாருமே இல்லாத கிரவுண்டுல ஒத்தையா பாடிப் பாடி வந்தாகளாம், "கபடி கபடி"ன்னு, மூச்சு விட்டா எனக்கு ஏதாவது ஆயிரும்னு. பாருங்க! "நல்லாருக்கியா"ங்குறதுக்குள்ள அவ்வளவு இருந்திருக்கு. நானும் சொன்னேன். ஆறாவதுல நிறுத்துனப்ப ஸ்கூல் பையை மூணு மாசம் தலைக்கு வச்சுப் படுத்ததைச் சொன்னேன். அப்புறம் இந்தக் கத்திரிக்கா. "உங்களுக்குப் பிடிக்குமேன்னு வாரம் மூணு நாள் வைக்கேன், எனக்கு அது தொண்டையில இறங்காது"ன்னேன். அவுக தலையைத் தூக்கி, "எனக்கும் இறங்காதே! நீ ஆசையா வைக்கன்னுல்லா முழுங்குதேன்!"னாக. மூணு வருசம், அக்கா! ஒருத்தருக்கும் பிடிக்காத கத்திரிக்காயை ரெண்டு பேரும் சேந்து தின்னிருக்கோம்!

கோயில் ஆடிக் கொடைக்கு மறுபடியும் மேலக்கரையோட கபடி. நான் பொம்பளைக கூட்டத்துல கடைசியில நிக்கேன். அதே மாதிரி கடைசி நிமிசம், அதே சப்பாணிமுத்து. கெண்டைக்காலைப் பிடிச்சான். இழுத்தான். வழுக்கிட்டு! திரும்ப அள்ளுதான். அங்க என்ன இருக்கு அள்ளுறதுக்கு? வாழைத்தண்டு! அவன் தன் கையையே திருப்பித் திருப்பிப் பாக்கான்க்கா, இருந்த முடி எங்க போச்சுன்னு! அதுக்குள்ள அவுக எட்டி விழுந்து கோட்டைத் தொட்டுட்டாக. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. "லிங்கதுரை!"ன்னு கத்திட்டேன். பேரைச் சொல்லிட்டேன்! இத்தனை சனத்துக்கு முன்னால! பக்கத்துல நின்ன அத்தை என்னை ஏற இறங்கப் பாத்தாக. அவுக மண்ணுல கிடந்தபடியே திரும்பி, கூட்டத்துக்குள்ள என்னைத் தேடுதாக, பல்லெல்லாம் மண்ணு, ஒரே சிரிப்பு. மறுநாள்ல இருந்து ஒரு பயலும் "யம்மா"ன்னு கூப்பிடல.

அது ஆச்சு ரெண்டரை மாசம். முடியெல்லாம் போயிட்டு. இனி எப்பயாவது ஒருக்கா போட்டாப் போதும்னு படம் போட்டுருக்கு. ஆனா அவுக ஒரு சனிக்கிழமை விடுறது இல்ல. மூணு மணி ஆச்சுன்னா, "இன்னும் நாலஞ்சு நிக்கி, வந்து பாரு"ம்பாக. நான் கண்ணாடியைக் கழட்டிட்டுத் தேடுவேன். ஒண்ணும் இருக்காது. "இல்லயே"ம்பேன். "நல்லாப் பாரு"ம்பாக. அவுகளுக்குக் கண்ணுல ஏதோ கோளாறுன்னு நினைக்கேன்க்கா, இந்த வயசுலயே. கண்ணாஸ்பத்திரி முகாம் போட்டா கூட்டிட்டுப் போணும். போன மாசம் உள்ளங்காலைக் காட்டி, "இங்கயும் அடி"ங்காக. உள்ளங்கால்ல யாருக்காவது முடி மொளைக்குமா? ஆனா வெளாடுறவுகளுக்குத்தான் கால் அருமை தெரியும். நமக்கு என்ன தெரியும்? மிஷின் அங்க பச்சை காட்டத்தான் செஞ்சுது, ஆனா நான் அடிக்கல, பயந்துகிட்டு. சும்மா வச்சு வச்சு எடுத்தேன். அவுகளும் சும்மாவே பேசிக்கிட்டுக் கிடந்தாக.

இதுதான் கதை. இப்ப நீங்க மிஷினைக் கேக்கீக. புதன்கிழமையே அவுக சொல்லிட்டாக, "கொம்பையா கேக்கான், குடுத்துரு, நமக்குத்தான் வேலை முடிஞ்சுட்டே"ன்னு. வாய் கூசாமச் சொன்னாக. எனக்கு அன்னையில இருந்து சோறு இறங்கல. அது ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. மிஷின் மேல ஆசையா? அந்த மிஷினை வச்சு நான் என்ன செய்யப்போறேன்? மிஷின் இருந்தா மூணு மணிக்குக் கூப்பிடுதாக. மிஷின் இல்லன்னா எதுக்குக் கூப்பிடுவாக? அப்புறம் மறுபடியும் "சோறு", "தண்ணி"தானே? வேணும்னே நான் உங்ககிட்ட அந்தக் கடைசிக் கட்டத்தைப் பத்திச் சொன்னேன்க்கா, ஒத்துக்கிடுதேன். அண்ணாச்சி நெறத்துக்கு இது பச்சை காட்டாதுன்னு சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பிரலாம்னு பாத்தேன். தப்பா எடுத்துக்காதீக, அண்ணாச்சி லட்சணம்தான், நெறம்தான் கொஞ்சம்... விடுங்க.

நீங்களும் கல்யாணம் முடிச்சு எட்டு மாசம்தானே ஆகுது? அண்ணாச்சி வீட்டுல எப்படி, பேசுவாகளா? இல்லையா? "சோறு", "தண்ணி"தானா?

அட.

அப்படியா?

இருங்க வாரேன். ...இந்தாங்க. பிடிங்க. நல்லா மடியில வச்சுக்கோங்க, கீழ விழுந்தா போச்சு. முதல்ல முழு பேண்டு போட்டு ஆறு வாரம், வெயில் பட விடாதீக. மழிச்சுட்டுத்தான் அடிக்கணும். கீழ அளவுலதான் வைக்கணும். சிவப்பு மினுக்குனா சண்டை போடாதீக, விட்டுருங்க. மச்சத்து மேல வைக்காதீக. குப்புறப் படுக்கச் சொல்லுங்க, அதான் முக்கியம், முகம் பாக்கக் கூடாது. அவசரப்பட்டு வேகமா முடிச்சிராதீக, மெதுவா, ஒரு விரக்கடை ஒரு விரக்கடையா. கத்திரிக்காயைப் பத்திக் கேளுங்க. திருப்பித் தாறதுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. எனக்கு என்ன, நான் சனிக்கிழமை மத்தியானம் கொஞ்சம் தூங்குவேன். நம்பர் தைக்குற வேலை கிடக்கு. நல்லாத்தான் இருக்கும். என்னது? அழுகையா? நானா? ஊசி பாத்த கண்ணு, நீர் கோக்கும்.

இன்னைக்குச் சனிக்கிழமைல்லா, இப்ப மணி என்ன ஆகுது? மூணாயிட்டா?

எங்கயோ சத்தம் கேக்கு... உங்களைக் கூப்பிடல, என்னையத்தான். "முப்பிடாதி"ங்காக. பேரைச் சொல்லி! ரூமுக்குள்ள இருந்துதான், எப்ப பின்வாசல் வழியா வந்தாகளோ. இந்தா வாரேன்! அக்கா, இந்தப் பனியனைக் கொஞ்சம் பிடிங்க, ஒரு ஒண்ணுதான் தைச்சிருக்கு, ஊசி அதுலயே குத்தியிருக்கு. நீங்க வந்து மிஷினை வாங்குறது அவுகளுக்குத் தெரியுமே, காலையில கிளம்பும்போதுகூடச் சொன்னேனே, இந்நேரம் அது உங்க மடியிலதானே இருக்கு, பிறகு என்னை எதுக்குக் கூப்...